சோறு இல்லை என்று தண்டிக்கப்பட்ட சிறுவன்!

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வடலூர். தைப்பூசம் வந்தால் நெய்வேலிக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கே புறப்பட்டு விடும். ஜோதி தரிசனம் காண அவ்வளவு கூட்டம்!

அந்த வடலூரை உலகறியச் செய்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். பெரும் புலவர், ஞானி. ஆனால் சிறு வயதில் அவர் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை!

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை. தாய் சின்னம்மை. ஐந்தாவது குழந்தை இவர். தந்தை சீக்கிரமே இறந்து போனார். குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன் சபாபதி, புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார்.

அது திண்ணைப் பள்ளிக்கூடக் காலம். பிரம்பு இல்லாத வாத்தியாரைப் பார்க்க முடியாது. பிந்தி வந்தால் அடி. பாடம் தப்பினால் முட்டி போட வேண்டும். சட்டாம்பிள்ளையின் அதிகாரம் வேறு!

அண்ணன் தாமே தம்பிக்குப் பாடம் சொல்லிப் பார்த்தார். பிறகு தம்முடைய ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையனோ பாடத்தை விட்டுவிட்டுக் கந்தகோட்டத்துக்குப் போனான். முருகன் முன்னால் நின்று பாடினான்.

உலகநீதியைச் சொல்லிக் கொடுத்தபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. அடிக்கு அடி வேண்டாம், வேண்டாம் என்று வரும் நூல் அது. எதற்கு எடுத்தாலும் வேண்டாமா என்று பையனுக்குத் தோன்றியது. வேண்டும், வேண்டும் என்று வரும்படி அவனே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினானாம். ஆசிரியர் கோபிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தாம் கற்பிக்க ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாராம்.

அண்ணன் அப்படி விடவில்லை. படிக்காதவனுக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தகப்பன் இல்லாத பிள்ளை உருப்பட வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் சோறு போட்டார். ஒரு நாள் வீட்டில் திதி. உறவினர் எல்லாம் விருந்து சாப்பிட்டுப் போனார்கள். கொழுந்தன் மட்டும் திருட்டுத்தனமாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அண்ணி கண் கலங்கினார். படிக்கக் கூடாதா என்று கெஞ்சினார்.

அடியும் பட்டினியும் அசைக்காத மனத்தை அந்தக் கண்ணீர் அசைத்து விட்டது! தனி அறை வேண்டும் என்று கேட்டான் சிறுவன். அங்கே கண்ணாடியை வைத்தான், விளக்கேற்றினான், தியானத்தில் அமர்ந்தான். கண்ணாடியில் முருகனைக் கண்டதாக அவரே பின்னாளில் பாடி வைத்திருக்கிறார்.

சில காலம் சென்றது. ஒரு நாள் அண்ணனுக்கு உடல்நலம் இல்லை. சோமு செட்டியார் வீட்டில் பெரியபுராணச் சொற்பொழிவு. தம்பி போனார். ஒரே பாட்டுக்கு இரவு நெடுநேரம் பொருள் சொன்னார். கூட்டம் அசையவில்லை. இனி இவரே வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். சோற்றை நிறுத்தச் சொன்ன அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிற்காலத்தில் வள்ளலாருக்கும் மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் தொழுவூர் வேலாயுத முதலியார் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் ஆனார்.

வள்ளலார் கருங்குழியில் சில ஆண்டுகள் தங்கினார். பிறகு வடலூருக்கு வந்தார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அங்கே ஒரு பாடசாலையும் தொடங்கினார். தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் பாடம். சிறுவரோடு முதியவரும் சேரலாம். அந்தப் பள்ளி நீண்ட நாள் நடக்கவில்லை.

ஆனால் 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி சத்திய தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு அணையவே இல்லை. படித்தவனா, படிக்காதவனா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பசியோடு வந்தவருக்கு இன்றும் சோறு போடுகிறார்கள்.