மன்னார்க் கடலில் தங்கிவிட்ட ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் 1902 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்று பத்தாண்டுகள் ஆகியிருந்தன. காரணத்தைக் கண்டறிய குடியேற்ற அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. ஹோர்னெல் அவரின் உதவியாளர். 1865 இல் பிறந்தவர்; அதற்கு முன் ஜேர்சித் தீவில் கடலுயிரியல் நிலையமொன்றை நடத்தியவர். ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹோர்னெல் தங்கிவிட்டார். அவர் அப்படித் தங்கியதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் அப்பால் கடலடியில் உள்ள பாறை, முருகைக்கல் திட்டுகளை நம்மவர்கள் பார் என்பார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டனில் வெளிவந்த ஆய்வறிக்கையிலும் அந்தத் தமிழ்ப் பெயரே நிலைத்தது. சுழியோடிகள் இறங்கிச் சிப்பிகளை எடுத்துவர, பார் பாராக எண்ணிக்கையும் வயதும் பதிவாகின. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது ஓர் உண்மை தெரிந்தது. பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் பலமுறை நிறைந்திருக்கின்றன. முத்து விளையும் வயதுவரை அவை நிலைக்கவில்லை. தென்மேற்குப் பருவக் கடல் அவற்றை அழித்துவிடுகிறது. ஒரே ஒரு வருடம் பார்த்தவருக்கு அது செழிப்பான பாராகவே தோன்றியிருக்கும்.

1905 இல் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் குளிக்கப்பட்டன. மறுவருடம் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. 1907 க்குப் பின் பல வருடங்கள் சிப்பி இல்லை. ஹோர்னெல் சென்னை சென்று மீன்வளத்துறை இயக்குநரானார். சங்கு பற்றியும் வள்ளங்கள் பற்றியும் எழுதினார். 1949 இல் காலமானார்.

பின்னர் போர் வந்தது. மீன்பிடித் தடைகளும் இடம்பெயர்வும் மன்னார்க் கரையைக் குலைத்தன. கரையடையாளம் வைத்துப் பார்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். ஆண்டுதோறும் கடலடியைப் பார்த்துவரும் வழியும் அடைபட்டது.

நான் வாழும் ஹெந்தளைக்கு அண்மையிலுள்ள கடலில் 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. பிளாஸ்டிக் குருணைகள் கரையெங்கும் ஒதுங்கின. இப்படியொரு அழிவுக்கு இழப்பீடு கேட்கும்போது, முன்பு அங்கே என்ன இருந்தது என்பதே முதற் கேள்வி. பதிவு இல்லாத இடத்தில் மீனவரின் சொல் வெறும் முறைப்பாடாக ஒதுக்கப்படும். ஹோர்னெல் அரசின் முத்து வருமானத்துக்காக எண்ணினார். இன்று அந்தக் கணக்கு, கடலுக்குத் திரும்பியிருக்கும் எங்கள் மக்களுக்குத் தேவை. அவர்களையும் சேர்த்தே, ஆண்டு தவறாமல் அது எழுதப்பட வேண்டும்.