கண்ணைக் கெடுக்கும்னு கேலி செய்யப்பட்ட எழுத்து, இன்று ஐபோனில்! யார் இந்த ஜான் பாஸ்கர்வில்?

ஐபோன் அல்லது மேக் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் 'பாஸ்கர்வில்' என்று ஒரு பெயர் இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர். இந்த எழுத்துக்காக சம்பாதித்த பணத்தைக் கொட்டியவர், அதற்குப் பரிசாக கேலியை வாங்கியவர். அப்படி என்னதான் செஞ்சார்?

கல்லில் தொடங்கியது

இங்கிலாந்தின் வோல்வர்லி கிராமத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் ஜான் பாஸ்கர்வில். பர்மிங்காமில் பிள்ளைகளுக்கு கையெழுத்து சொல்லிக் கொடுத்தார். கல்லறைக் கற்களில் எழுத்து செதுக்கினார். பிறகு தட்டு, பெட்டிகளுக்கு பளபளப்பான மெருகு பூசும் தொழிலில் இறங்கி நல்ல பணம் பார்த்தார்.

அதோடு செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் எழுத்து மீதான ஆசை விடவில்லை. 1750களில் அச்சுத் தொழிலுக்கு வந்தார். முதல் புத்தகமான வெர்ஜிலின் கவிதைத் தொகுப்பு 1757ல் வெளியானபோது அவருக்கு வயது 50.

கருப்பு, வெள்ளை... அவ்வளவுதான்!

பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை, முழுப் பக்கத்தையும் மாற்றினார்.

எழுத்து: தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இருந்த வித்தியாசத்தைக் கூட்டினார். அவர் மனதில் இருந்த வடிவங்களை எஃகு அச்சுகளில் வெட்டித் தந்தவர் ஜான் ஹேண்டி.

மை: வழக்கமானதைவிட அடர் கருப்பாக, தானே தயாரித்தார்.

காகிதம்: முதல் புத்தகத்தின் ஒரு பகுதிக்கு, கோடு கோடாகத் தடம் தெரியாத புதுவகை வழவழப்புத் தாளைப் பயன்படுத்தினார். அச்சடித்த தாள்களை சூடாக அழுத்தி மெருகேற்றினார்.

இடைவெளி: ஓரங்களில் தாராளமாக வெள்ளை இடம் விட்டார். பூ, கொடி அலங்காரங்களைப் பெரும்பாலும் தவிர்த்தார்.

மெல்லிய கோடு பளிச்சுனு தெரியணும்னா கருப்பு மையும் வழவழப்பான தாளும் வேண்டும். ஒன்று இல்லாமல் இன்னொன்று இல்லை.

ஃபிராங்க்ளின் செய்த குறும்பு

இந்த எழுத்தைப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று லண்டனில் சிலர் பேசினார்கள். அப்படிச் சொன்ன ஒருவருக்கு, பாஸ்கர்வில்லின் நண்பரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு மாதிரித் தாளைக் காட்டினார். கண் வலிக்கிறது என்று அவர் குறைகளை அடுக்கினார். உண்மையில் அது எல்லோரும் தினமும் படித்துப் பழகிய கேஸ்லான் எழுத்து!

ஆனாலும் வியாபாரம் கைகொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக 1763ல் அச்சடித்த பைபிள், இன்றுவரை அழகான அச்சுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. அன்று அது நஷ்டம். தன் எழுத்துகளை விற்றுவிட முயன்றும் முடியவில்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பைபிள் அச்சடித்ததும் பேச்சானது. கணவர் கைவிட்டுச் சென்ற சாரா ஈவ்ஸுடன் சேர்ந்து வாழ்ந்ததும் பேச்சானது. சாராவின் முதல் கணவர் இறந்த பிறகு, 1764ல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

இறந்த பிறகும் ஓய்வில்லை

1775ல் பாஸ்கர்வில் இறந்தார். அவர் விருப்பப்படியே, தேவாலயக் கல்லறையில் இல்லாமல் சொந்தத் தோட்டத்தில் புதைத்தார்கள். பின்னாளில் அந்த நிலத்தைத் தோண்டியபோது சவப்பெட்டி வெளியே வந்தது. உடல் ஒரு கடையில் வேடிக்கைப் பொருளாக வைக்கப்பட்டு, பிறகு எந்த மாதிரி இடத்தை வேண்டாம் என்றாரோ அங்கேயே, ஒரு தேவாலயத்தின் நிலவறைக்குப் போனது.

எழுத்துகளும் ஊர் சுற்றின. சாரா அவற்றை பிரான்ஸின் பொமார்ஷேவுக்கு விற்றார். வால்டேரின் முழுத் தொகுப்பு அந்த எழுத்தில்தான் அச்சானது. பிறகு பல ஆண்டுகள் மறக்கப்பட்டு, 1920களில் மோனோடைப் நிறுவனத்தால் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. அசல் எஃகு அச்சுகள் 1953ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பின.

சாராவையும் எழுத்துலகம் மறக்கவில்லை. 1996ல் சுசானா லிட்ஸ்கோ, பாஸ்கர்வில் பாணியில் ஒரு எழுத்துருவை வடிவமைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர், 'மிஸஸ் ஈவ்ஸ்'.