வைட்டமின் சி-யை உலகை நம்பவைத்த நோபல் விஞ்ஞானி

சளி பிடிச்சதும் வைட்டமின் சி மாத்திரை போடுறோமே, அந்தப் பழக்கம் பரவ முக்கியக் காரணம் லைனஸ் பாலிங். 1901இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பிறந்தவர். 1954இல் வேதியியல், 1962இல் அமைதி என இரண்டு நோபல் பரிசுகளை, யாருடனும் பகிராமல் வென்ற ஒரே மனிதர்.

60களில் தினமும் கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிடத் தொடங்கினார். நம்ம உடம்புக்கு 100 மில்லிகிராமே தாராளம்! 1970இல் சளியும் வைட்டமின் சி-யும் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்ததும் மாத்திரை விற்பனை எகிறியது. ரெண்டு நோபல் வாங்கினவர் சொன்னா யார்தான் கேட்க மாட்டாங்க?

சோதனைகள்தான் கேட்கல. தினமும் போட்டாலும் சளி வரத்தான் செய்யும். கொஞ்சம் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான். பாலிங் கடைசிவரை நம்பிக்கையை விடவில்லை. 1994இல், 93 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

கோவிட் வந்ததும் அதே கேள்வி திரும்பி வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 2,590 பேரில் சிலருக்கு நரம்பு வழியே ஏற்றி, மற்றவர்களுடன் ஒப்பிட்டார்கள். 2023இல் முடிவு வெளியானது: பலன் இல்லை.