ஆனந்தரங்கரின் அன்றாட ஏடு

புதுவை நகரில் பாக்குக் கிடங்கில் அமர்ந்து, அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்த ஒரு வணிகரை இன்று தமிழுலகம் தன் உரைநடை முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகிறது. எழுத்தாளராகப் பெயரெடுக்க வேண்டும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709 ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். உறவினர் நைனியப் பிள்ளையின் தொடர்பால் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. அந்த நைனியப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பினியில் தலைமைத் துபாஷாக உயர்ந்து, கவர்னரின் பகைக்கு ஆளாகி, 1717 இல் சிறையிலேயே மாண்டவர். பதவி எத்துணை வழுக்கலான படி என்பதைப் பிள்ளையவர்கள் தம் குடும்பத்திலேயே கண்டார். பின்னாளில் பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றை ஏட்டிடம் சொல்லும் பழக்கம் அவருக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

1736 செப்டம்பர் 6 ஆம் நாள் அந்த எழுத்துத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 27. கப்பல்களின் வரவும் போக்கும், துணி வியாபாரம், வழக்குகள், கலியாணங்கள், ஊர் வம்பு, சோதிடர் சொன்னது ஆகிய எல்லாமே அதில் உண்டு. எது பெரிது, எது சிறிது என்று தரம் பிரிக்கும் வேலையே இல்லை. புலவர்களின் உரைநடை கற்றோர்க்கு மட்டுமே எட்டிய அந்நாளில், பிள்ளையவர்கள் பேசுகிற தமிழையே எழுதினார். பாரசீகம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் சொற்கள் துறைமுகத்தில் வழங்கியபடியே ஏட்டிலும் ஏறின. வாக்கியங்கள் மூச்சு விடாமல் நீளும். இலக்கண ஆசிரியர் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் அந்தக் குரல் வேறு எவருடையதும் அன்று.

1746 இல் தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் மறைந்தார். அப்பதவி பிள்ளைக்கு வருமா என்பது நெடுநாள் இழுபறியாயிற்று. கவர்னர் டூப்ளேக்கு அவர்மீது நம்பிக்கை இருந்தது. டூப்ளேயின் மனைவியாருக்கோ அவரைப் பிடிக்கவில்லை. 1747 இல் பதவி கிடைத்தபின்னும் அந்தப் பகை தணியவில்லை. 1748 இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாஷாக இருந்தும் அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. அந்த நாட்களின் பக்கங்களில் அவருடைய வேதனையும், அதைக் கவர்னர் முன் காட்டிக்கொள்ள முடியாத நிலையும் மறைவின்றித் தெரிகின்றன. கவர்னருக்கும் தமக்கும் நடந்த உரையாடல்களைக்கூட, அவர் சொன்னது இது, நான் சொன்னது இது என்று ஒன்றுவிடாமல் எழுதுவார். ஆண்டு பல கழித்து நினைவிலிருந்து எழுதியிருந்தால் இவற்றுள் பாதி உருமாறியிருக்கும். மறுபாதியை அவரே நாகரிகம் கருதி நீக்கியிருப்பார்.

புலவர்களும் அவரைப் பாடினார்கள். தியாகராச தேசிகர் கோவை பாடினார்; வடமொழியில் சீனிவாச கவி 1752 இல் ஒரு சம்பு காவியம் செய்தார். அங்கே நாம் காண்பது வள்ளலை. நாட்குறிப்பில் காண்பதோ அஞ்சியும் ஐயுற்றும், சிலவேளை தம்மைத் தாமே மெச்சிக்கொண்டும் வாழ்ந்த மனிதரை. எனக்கு இரண்டாமவரையே பிடிக்கிறது.

1754 இல் டூப்ளே நாடு திரும்பினார். 1756 இல் பிள்ளையின் பதவியும் போயிற்று. நோயும் சேர்ந்துகொண்டது. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1761 சனவரியில், புதுவை ஆங்கிலேயர் கைக்கு விழுவதற்குச் சில நாட்களே இருந்தபோது, அவர் காலமானார். நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

ஏடுகள் பிழைத்தன. 1846 இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வெளிவந்தன. தமிழ் மூலமோ 1948 இல்தான் நூலாக வெளிவரத் தொடங்கியது. பிரபஞ்சன் அவ்வேடுகளில் தோய்ந்து எழுதிய ‘வானம் வசப்படும்’ நாவல் 1995 இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

பிள்ளையவர்கள் மறைந்தபின் அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை எழுதுகோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து நாட்குறிப்பைத் தொடர்ந்தார்.