விக்டர் குரூயென்

விக்டர் குரூயென் (ஜூலை 18, 1903 - பெப்ரவரி 14, 1980) ஆஸ்திரியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞரும் நகரமைப்பு வல்லுனரும் ஆவார். முற்றிலும் கூரையிடப்பட்டு, தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட முதல் புறநகர் அங்காடி வளாகத்தை வடிவமைத்தவர் என்பதால், மால் எனப்படும் கட்டிட வகையின் தந்தை என்று இவர் அழைக்கப்படுகிறார். ஆயினும் தானுந்தை மட்டுமே நம்பிப் பரந்து விரியும் புறநகரங்களை இவர் கடுமையாக எதிர்த்தவர். இவர் உருவாக்கிய கட்டிட வகையே அவ்விரிவாக்கத்துக்குத் துணைபோனதால், தம் வாழ்நாளின் பிற்பகுதியை நகர மையங்களை மீட்கும் திட்டங்களில் செலவிட்டார்.

இளமைக்காலம்

இவர் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் விக்டர் டேவிட் குரூன்பாம். வியன்னா நுண்கலைக் கழகத்தில் கட்டிடக்கலை பயின்றார். பகலில் கட்டிட நிறுவனமொன்றில் பணியாற்றிக்கொண்டே, இரவில் சமூகவுடைமைக் கருத்துக்களைக் கொண்ட அரசியல் நையாண்டி மேடைகளில் நடித்தும் எழுதியும் வந்தார். 1930களின் தொடக்கத்தில் சொந்தமாகத் தொழில் நடத்தத் தொடங்கி, வியன்னாவில் பல கடைகளின் முகப்புக்களை வடிவமைத்தார்.

வியன்னாவின் பழைய நகரப்பகுதியில் வீடு, கடை, காப்பிக் கடை, அரங்கு, அலுவலகம் யாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன. பிற்காலத்தில் இவர் அமெரிக்காவில் வரைந்த திட்டங்கள் அனைத்திலும் இந்நகரின் சாயலைக் காணலாம்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. யூதர் என்பதாலும் அரசியல் ஈடுபாட்டாலும் இரு வகையில் ஆபத்துக்குள்ளான குரூயென், அவ்வாண்டே கையில் சில டாலர்களுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கு தம்மைப் போன்ற அகதிக் கலைஞர்களைக் கொண்டு ஒரு நாடகக் குழுவையும் நடத்தினார்.

கடை முகப்பிலிருந்து அங்காடி வளாகம் வரை

1939 இல் நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில் லெடரர் டி பாரி என்ற தோற்பொருள் கடைக்கு இவர் அமைத்த முகப்பு பெயர்பெற்றது. பின்னர் எல்சி குருமெக் என்ற வடிவமைப்பாளருடன் இணைந்து பணியாற்றி, அவரை மணந்து, லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்தார். குரூன்பாம் என்ற பெயரைக் குரூயென் என மாற்றிக்கொண்டதும் 1940களில்தான். 1951 இல் விக்டர் குரூயென் அசோசியேட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் இவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. நெடுஞ்சாலையின் இருமருங்கும் மைல் கணக்கில் நீண்ட கடை வரிசைகளும் விளம்பரப் பலகைகளும், எங்கு செல்வதானாலும் தானுந்தில் ஏறவேண்டிய நிலையும் இவரை உறுத்தின. தானுந்து ஓட்ட இயலாத முதியோர், சிறுவர், வறியோர் ஆகியோருக்கு இத்தகைய ஊரில் நூலகமோ மருத்துவமனையோ அருகிலிருந்தும் எட்டாதவையே. புறநகர்வாசிகள் கூடுவதற்கு ஒரு மையம் இல்லாததே நோயின் மூலம் என்று இவர் கருதினார். அம்மையத்தைக் கட்டும் பணம் வணிகர்களிடமே இருந்தது. ஆகவே கடைகளை முன்னிறுத்தி, அவற்றோடு பொது வசதிகளையும் சேர்த்துக் கட்டலாம் என முடிவு செய்தார்.

டிட்ராயிட் நகரின் ஹட்சன்ஸ் நிறுவனத்துக்காக இவர் வடிவமைத்த நார்த்லாண்ட் மையம் மார்ச் 22, 1954 அன்று சவுத்ஃபீல்டில் திறக்கப்பட்டது. திறந்தவெளி முற்றங்களும் சிற்பங்களும் கொண்ட இவ்வளாகத்தில் வங்கி, அஞ்சலகம், கூட்ட அரங்குகள் ஆகியனவும் இடம்பெற்றன.

சவுத்டேல்

அக்டோபர் 8, 1956 அன்று மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் டேட்டன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட சவுத்டேல் திறக்கப்பட்டது. 2 கோடி டாலர் செலவில் உருவான இதில் 72 கடைகள் இருந்தன. முதல் நாளில் ஏறத்தாழ 75,000 பேர் வந்தனர். மினசோட்டாவின் கடுங்குளிரிலும் கோடையிலும் கடைக்குச் செல்ல ஏற்ற நாட்கள் குறைவு என்பதால், கடைகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ், ஓர் உள்முற்றத்தை நோக்கி அமைக்கப்பட்டன. வெளிப்புறச் சுவரில் காட்சிச் சாளரங்களே இல்லை. இன்று உலகெங்கும் காணப்படும் மால்களின் அடிப்படை அமைப்பு இதுவே.

ஆனால் குரூயென் வரைந்தது அங்காடியை மட்டுமன்று. 463 ஏக்கர் நிலத்தில் அடுக்குமாடி வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரி ஆகியவற்றைக் கொண்ட ஒரு முழு நகர்ப்பகுதியை இவர் திட்டமிட்டிருந்தார். அங்காடி எழுந்ததும் சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. எஞ்சிய திட்டத்தின் பெரும்பகுதி அவர் வரைந்தபடி நிறைவேறவில்லை. எஞ்சியது, ஆயிரக்கணக்கான தானுந்துகள் நிற்கும் தார்ப்பரப்பின் நடுவே ஒரு பெட்டி. கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இதனைப் பார்வையிட்டு, உள்முற்றத்தைக் கடுமையாகக் குறைகூறினார்.

மால்கள் பெருகிய காரணம்

குரூயெனின் வடிவம் நாடெங்கும் பரவியதற்கு அதன் அழகைவிட அரசின் கொள்கைகளே முதன்மைக் காரணம் எனலாம். 1954 இல் திருத்தப்பட்ட வருமான வரிச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் வணிகக் கட்டிடங்களின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ள அனுமதித்தது. நகர மையத்தின் பழைய கடைகளைப் புதுப்பிப்பதைவிட, புறநகரின் மலிவான நிலத்தில் புதிதாகக் கட்டுவது முதலீட்டாளருக்கு இலாபமாயிற்று. 1956 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அங்கு செல்லச் சாலைகளைத் தந்தது. குரூயென் மிக இன்றியமையாதவை எனக் கருதிய அரங்குகளும் முற்றங்களும் வாடகை ஈட்டாதவை என்பதால், பின்வந்த கட்டுமான நிறுவனங்கள் அவற்றையே முதலில் குறைத்தன.

நகர மையத் திட்டங்கள்

1956 இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகருக்காக இவர் அளித்த திட்டம் மிகவும் துணிச்சலானது. நகர மையத்தைச் சுற்றி ஒரு வட்டச்சாலை, அதனையொட்டி ஆறு பெரும் வாகன நிறுத்தகங்கள், சரக்குகளுக்கு நிலத்தடிப் பாதை, உள்ளே நடப்போருக்கு மட்டுமான தெருக்கள் என்பன அதன் கூறுகள். எந்த நிறுத்தகத்திலிருந்தும் சில நிமிட நடையில் மையத்தை அடையலாம். தனியார் நிறுத்தக உரிமையாளர்கள் எதிர்த்தனர், தேவையான சட்டமும் நிறைவேறவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. நகரமைப்பு வல்லுனர்களைப் பொதுவாகச் சாடிய ஜேன் ஜேக்கப்ஸ், இத்திட்டத்தைப் பாராட்டினார்.

நிறைவேறியவையும் உண்டு. மிச்சிகனின் கலமசூ நகருக்கு இவர் தீட்டிய திட்டத்தை ஒட்டி 1959 இல் ஒரு வணிக வீதி நடப்போருக்கு மட்டுமானதாக மாற்றப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1962 இல் திறக்கப்பட்ட மிட்டவுன் பிளாசா, நகர மையத்திலேயே அமைந்த உள்ளரங்க மால் ஆகும். நிலத்தடி நிறுத்தகத்துடன் பேருந்து நிலையமும் அதில் இருந்ததால், தானுந்து இல்லாதோரும் அதனை எளிதில் அடைந்தனர். 1964 இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஃபுல்டன் வீதி நடைவீதியாயிற்று. ஆனால் அந்நகரின் வட பகுதியில் 1970 இல் ஒரு புதிய மால் எழுந்தபின் கடைகள் அங்கு இடம்பெயரத் தொடங்கின. சுற்றிலும் விரிவாக்கம் தொடர்கையில் ஒரு தெருவை மட்டும் திருத்திப் பயனில்லை என்பதற்கு ஃபிரெஸ்னோ சான்றாகக் காட்டப்படுகிறது.

விமர்சனங்கள்

குரூயெனின் நகர மையப் பணிகள் அனைத்தும் போற்றத்தக்கவை என்று கூற இயலாது. பாஸ்டனில் வெஸ்ட் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பு 1950களின் இறுதியில் இடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவ்விடத்தில் வசதி படைத்தோருக்காக எழுந்த சார்லஸ் ரிவர் பார்க் அடுக்குமாடிகளை வடிவமைத்தது இவரது நிறுவனமே. நடந்து செல்லக்கூடிய, கடையும் வீடும் கலந்த ஊரை விரும்பிய ஒருவர், அத்தகைய ஊர் ஒன்றின் அழிவில் பங்கேற்றது முரணாகும்.

தனியாருக்குச் சொந்தமான இடம் பொதுச் சதுக்கத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வியும் எழுந்தது. மால் ஒன்றினுள் போருக்கு எதிரான துண்டறிக்கை வழங்குவதைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என 1972 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் தம் அரசியலமைப்பின்படி கூடுதல் உரிமை வழங்கலாம் என்ற தீர்ப்பு, குரூயென் இறந்த சில மாதங்களுக்குப் பின்னர் 1980 இல் வந்தது.

இறுதிக்காலம்

1968 இல் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்று வியன்னாவுக்குத் திரும்பினார். பழைய நகரப்பகுதியில் தானுந்துகளைக் குறைத்து நடைவீதிகளை அமைக்கும் யோசனைகளை அந்நகருக்கு அளித்தார். 1976 இல் வியன்னாவின் தெற்கு எல்லையிலேயே ஷாப்பிங் சிட்டி சூட் என்ற மாபெரும் மால் திறக்கப்பட்டது. 1978 இல் இலண்டனில் ஆற்றிய உரையில், தம் கருத்து சிதைக்கப்பட்டுவிட்டதாகக் கூறி, மால்களின் தந்தை என்ற பட்டத்தை வெளிப்படையாக மறுத்தார். வணிக வளாகத்தினுள் நுழைந்தவர் வந்த நோக்கத்தை மறந்து அலைவதைக் குறிக்கும் குரூயென் மாற்றம் என்ற சொல் இவர் பெயரால் வழங்குவதும் இவர் விரும்பியிருக்கக்கூடியதன்று.

பிற்கால நிலை

டிட்ராயிட் நகர மையத்திலிருந்த ஹட்சன்ஸ் தலைமைக் கடை 1983 இல் மூடப்பட்டு 1998 இல் தகர்க்கப்பட்டது. நார்த்லாண்டும் 2015 இல் மூடப்பட்டது. மிட்டவுன் பிளாசா 2008 இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. ஃபுல்டன் வீதி 2017 இல் மீண்டும் தானுந்துகளுக்குத் திறந்துவிடப்பட்டது. சவுத்டேல் தொடர்ந்து இயங்கி வருகிறது. 2010களில் அதன் வாகன நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன.