வில்ஃபர்ட் வூட்ரஃப்

வில்ஃபர்ட் வூட்ரஃப் (மார்ச் 1, 1807 – செப்டம்பர் 2, 1898) அமெரிக்காவைச் சேர்ந்த கிறித்தவ மறைபரப்புநரும், மோர்மன் சபை எனப் பரவலாக அறியப்படும் இயேசு கிறிஸ்துவின் பிந்தைய நாள் புனிதர்கள் சபையின் நான்காவது தலைவரும் ஆவார். இவர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவந்த நாட்குறிப்புகள், 19ஆம் நூற்றாண்டு மோர்மன் மறைபரப்புநர்களின் அன்றாட வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

இளமை

வூட்ரஃப் கனெக்டிகட் மாநிலத்தின் ஃபார்மிங்டன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை மாவு ஆலை நடத்தியவர். தாய் பியூலா, இவர் பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது இறந்தார். வூட்ரஃப்பும் இளமையில் ஆலைத் தொழிலையே செய்தார். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் வேளாண்மை செய்துவந்தபோது மோர்மன் போதகர்களின் உரையைக் கேட்டு, டிசம்பர் 31, 1833 அன்று உறைகுளிரில் ஓர் ஓடையில் திருமுழுக்குப் பெற்றார்.

முதல் மறைபரப்புப் பணி

1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வூட்ரஃப் மிசூரியிலிருந்து ஆர்கன்சா, டென்னசி பகுதிகளுக்குப் புறப்பட்டார். அக்கால மோர்மன் மறைபரப்புநர்களுக்கு ஊதியம் கிடையாது. இயேசு தம் சீடர்களைப் பணப்பையின்றி அனுப்பினார் என்னும் விவிலியச் செய்தியைப் பின்பற்றி, உணவுக்கும் உறைவிடத்திற்கும் வழியில் உள்ளவர்களின் விருந்தோம்பலையே நம்பிச் சென்றனர். இருவர் இருவராகப் பயணம் செய்வது வழக்கம்.

வூட்ரஃப்பும் அவருடைய துணைவரும் மரத்தைக் குடைந்து ஓடம் செய்து ஆர்கன்சா ஆற்றின் வழியே லிட்டில் ராக் வரை சென்றனர். அங்கிருந்து சதுப்பு நிலங்களின் ஊடே நடந்தபோது வூட்ரஃப்பின் முழங்காலில் கடும் வலி ஏற்பட்டது. வீடு திரும்பும் அவசரத்தில் இருந்த துணைவர், அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலைகள் வாழும் அச்சதுப்பில் தனியே முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டதாகவும், வலி நீங்கி எழுந்து நடந்ததாகவும் வூட்ரஃப் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

மெம்ஃபிசு நகரை அடைந்தபோது அவர் சேறு படிந்த உடையுடன் கையில் காசின்றி இருந்தார். ஒரு விடுதியில் உணவு கேட்டார். போதகர் என்று அவர் சொன்னதை நம்பாத விடுதிக்காரர், வேடிக்கை பார்ப்பதற்காக ஊராரைத் திரட்டி அவரைப் பேச வைத்தார். வூட்ரஃப் பாடி, வேண்டுதல் செய்து, நெடுநேரம் உரையாற்றினார். அன்றிரவு அவருக்கு நல்ல உணவும் படுக்கையும் கிடைத்தன.

ஃபாக்சு தீவுகள்

1837 ஏப்ரல் 13 அன்று வூட்ரஃப், ஃபீபி கார்ட்டரை மணந்தார். ஏறத்தாழ ஏழு வாரங்களில் மீண்டும் பணிக்குப் புறப்பட்டார். மேய்ன் மாநிலக் கடற்கரையை அடுத்த ஃபாக்சு தீவுகளில் அவரும் சோனத்தன் ஹேலும் வீடு வீடாகவும் பள்ளிக்கூடங்களிலும் போதித்தனர். கடலோடிகளும் மீனவர்களும் வாழ்ந்த அத்தீவுகளில் சிறு சபைகள் உருவாயின. எதிர்ப்பும் இருந்தது.

இங்கிலாந்துப் பணி

1839இல் வூட்ரஃப் பன்னிரு திருத்தூதர் குழுவில் அமர்த்தப்பட்டார். அக்குழுவினர் இங்கிலாந்து செல்லப் பணிக்கப்பட்டிருந்தனர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் குடியேறியிருந்த மோர்மன் குடும்பங்களிடையே அப்போது மலேரியாக் காய்ச்சல் பரவியிருந்தது. ஆகசுடு 8 அன்று வூட்ரஃப் காய்ச்சலுடனேயே வீட்டை விட்டுப் புறப்பட்டார். நோயுற்றிருந்த மனைவியிடமும் ஒரு வயதுக் குழந்தை சேரா எம்மாவிடமும் விட்டுச்செல்ல அவரிடம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்கவில்லை.

டிசம்பரில் நியூயார்க்கில் கப்பலேறி 1840 சனவரி 11 அன்று லிவர்ப்பூலை அடைந்தார். முதலில் மட்பாண்டத் தொழில் சிறந்திருந்த சிடாஃபர்ட்சையரில் பணியாற்றினார். அங்கு நல்ல வரவேற்பு இருந்தபோதும், மார்ச்சு 1 அன்று ஆன்லி நகரில் கூட்டம் நடத்தியபோது தெற்கே செல்லுமாறு இறைத்தூண்டல் பெற்றதாக உணர்ந்தார். அந்நகரைச் சேர்ந்த வில்லியம் பென்போ, எரஃபர்ட்சையரில் உழவராக இருந்த தம் உடன்பிறந்தார் சான் பென்போவிடம் அவரை அழைத்துச் சென்றார்.

சான் பென்போ, ஐக்கிய சகோதரர்கள் என்னும் குழுவைச் சேர்ந்தவர். மெதடிசப் பிரிவு ஒன்றிலிருந்து விலகிய ஏறத்தாழ 600 பேர் கொண்ட அக்குழுவுக்குத் தனிப் போதகர்களும் வழிபாட்டு இடங்களும் இருந்தன. வூட்ரஃப் அங்கு விரைந்து வெற்றி பெற்றதற்கு இந்த அமைப்பு பெரிதும் துணைசெய்தது. அவர் பகலில் பண்ணைக் குளத்தில் திருமுழுக்கு வழங்கினார். மாலையில் வீடுகளில் உரையாற்றினார். அவரைக் கைது செய்ய வந்த காவலர் ஒருவர் உரையைக் கேட்டபின் தாமே திருமுழுக்குப் பெற்றார். எட்டு மாதங்களில் அப்பகுதியில் ஏறத்தாழ 1,800 பேர் சபையில் சேர்ந்தனர். மோர்மன் நூலை இங்கிலாந்தில் அச்சிட சான் பென்போ பொருளுதவி செய்தார். அப்பதிப்பு 1841இல் வெளிவந்தது.

1840 ஆகசுடில் தொடங்கிய இலண்டன் பணி இதற்கு நேர்மாறாக இருந்தது. நாட்கணக்கில் அலைந்தும் கேட்பார் மிகச் சிலரே இருந்தனர்.

குடும்பத்தின் இழப்பு

வூட்ரஃப் இங்கிலாந்தில் இருந்தபோது, 1840 மார்ச்சில் அவருக்கு மகன் பிறந்தான். சூலை 17 அன்று சேரா எம்மா, இரண்டு வயது நிறைந்த மூன்றாம் நாள் இறந்தாள். கடிதங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் பல வாரங்கள் ஆன காலம் அது. மகளின் இறப்பு அவருக்குச் சில மாதங்கள் கழித்தே தெரியவந்தது. புறப்பட்டபோது கண்ட மகளை அவர் பின்னர் காணவே இல்லை. ஆயினும் பணியை இடையில் விடாமல் 1841 ஏப்ரல் வரை இங்கிலாந்தில் தங்கினார். அந்த இழப்பை ஃபீபி கணவர் அருகில் இல்லாமலேயே தாங்க வேண்டியிருந்தது.

நாட்குறிப்புகள்

நடந்த தொலைவு, நடத்திய கூட்டங்கள், திருமுழுக்குப் பெற்றோர், எழுதிய கடிதங்கள், பெற்ற கடிதங்கள் ஆகியவற்றை வூட்ரஃப் நாள்தோறும் குறித்து ஆண்டிறுதியில் தொகுத்தார். கனவுகள், வேண்டுதல்கள், மனச்சோர்வு, பிறருடைய உரைகள் ஆகியனவும் அவற்றில் உள்ளன. இறைவன் தமக்குச் செய்தவற்றைப் பதிவு செய்வது கடமை என்று அவர் கருதினார். தனிமையும் ஏமாற்றமும் மிகுந்த நாட்களில் வேண்டுதல், மறைநூல் வாசிப்பு, மனைவியின் கடிதங்கள் ஆகியவற்றோடு இப்பழக்கமும் அவருக்கு ஊக்கம் அளித்தது.

பிற்காலம்

வூட்ரஃப் 1847இல் முதற் குழுவினருடன் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1889இல் சபையின் தலைவரானார். கூட்டாட்சி அரசின் கடும் சட்டங்களை அடுத்து, பலதார மணத்தைக் கைவிடுமாறு உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தும் அறிக்கையை 1890இல் வெளியிட்டார். அவரும் பலதார மணம் புரிந்தவரே. 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற இவ்வறிக்கை வழிவகுத்தது. அவர் 1898இல் சான் பிரான்சிசுகோவில் தம் 91ஆம் வயதில் காலமானார்.

ஐக்கிய சகோதரர்களின் காட்ஃபீல்டு எல்ம் சிற்றாலயம், மோர்மன் சபைக்கு இங்கிலாந்தில் கிடைத்த முதல் வழிபாட்டுக் கட்டடமாகும். நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அது, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாங்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது.