ஐம்பது பவுண்டு

ஆஸ்திரேலியாவின் பழைய துப்பறியும் நாவல்களைத் தேடிச் சேர்ப்போர், ஆசிரியரின் கையொப்பம் தாங்கிய படியைப் பெருஞ்செல்வமாகப் போற்றுவர். ஆனால் அந்நாவல்களுள் மிகுபுகழ் பெற்ற 'ஹான்சம் வண்டி மர்மம்' பற்றிய வரையில், கையொப்பம் இருக்கட்டும், 1886இல் மெல்பர்னில் வெளிவந்த முதற்பதிப்பின் வெறும் படியே கிட்டுவதற்கு அரிது. அச்சேறியதாகச் சொல்லப்படும் 5,000 படிகளில் இன்று எஞ்சியுள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்கனவே. மலிவு விலை நூலாதலால் படித்தவர்கள் பேணிவைக்கவில்லை.

அதனை எழுதிய பெர்கஸ் ஹியூம் 1859இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்தின் டனீடின் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே சட்டம் பயின்று, 1885இல் வழக்கறிஞரானார். அவ்வாண்டே மெல்பர்ன் சென்று வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக அமர்ந்தார். உள்ளமோ நாடகத்தையே நாடியது. பெயரறியா இளைஞரின் நாடகத்தைப் படித்துப் பார்க்கவும் அரங்க முதலாளிகள் இசைந்திலர். எனவே, எவ்வகை நூல் மிகுதியாக விலைபோகிறது என்று புத்தக வணிகர் ஒருவரை வினவினார். பிரெஞ்சு எழுத்தாளர் கபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று விடை வந்தது. அவற்றை வாங்கிக் கற்றார். தாமும் ஒன்று எழுதினார். விற்பனை கருதி எழுதினார் என்று அவரை இகழ்வதற்கில்லை. பரிசில் நோக்கிப் பாடிய புலவர்களின் வழிவந்த நமக்கு அது புதிதன்று.

நள்ளிரவில் மெல்பர்ன் தெருவொன்றில் செல்லும் குதிரை வண்டியினுள் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். அம்முடிச்சை அவிழ்க்கப் புகுந்த கதை, செல்வர் மாளிகையிலிருந்து லிட்டில் போர்க் தெருவின் இருண்ட சந்துகள் வரை நகரின் இரு முகங்களையும் காட்டுகிறது. கொலையாளி யார் என்பதினும் இந்நகரக் காட்சியே நூலுக்கு உயிர்.

குடியேற்ற நாட்டான் எழுதியதில் படிக்கத்தக்கது என்ன இருக்கப்போகிறது என்னும் இளக்காரத்தால் பதிப்பாளர்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஹியூம் தம் செலவிலேயே அச்சிட்டார். நூல் விரைந்து விற்றது. பின்னர் அதன் உரிமையை வெறும் 50 பவுண்டுக்கு ஒரு குழுவினருக்கு விற்றுவிட்டார். நாடக உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1887இல் அக்குழுவினர் இலண்டனில் வெளியிட்ட பதிப்பு இலட்சக்கணக்கில் விலைபோயிற்று. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவல் அவ்வாண்டின் இறுதியில்தான் வெளிவந்தது. நாவல் ஈட்டிய பெரும்பொருளில் ஆசிரியருக்குப் பங்கில்லை. நாடக வடிவமே ஓரளவு கைகொடுத்தது.

1888இல் இங்கிலாந்து சென்றவர், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். எதுவும் முதல் நூலை எட்டவில்லை. இதனினும் கொடிது ஒன்றுண்டு. அந்நூலை எழுதியவர் தாமே என்று சொல்லித் திரிந்தோரும் இருந்தனர். 1896இல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், பெர்கஸ் ஹியூம் என்பது புனைபெயரன்று, தம் இயற்பெயரே என்பதை அவர் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. உரிமை பிறரிடம் போன நூலுக்குப் பெயரையாவது காத்துக்கொள்ள முனைந்த முயற்சி அது. 1932 ஜூலையில் எசெக்ஸின் தண்டர்ஸ்லியில் அவர் காலமானார். அவரை உலகம் அறிந்திருந்தது, ஐம்பது பவுண்டுக்கு விற்ற அந்த ஒரு நூலால்தான்.